பூட்டுத் தொழிலாளியின் மகன் தந்த சாவி

(இறுதியாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



ஓம் என்று சொன்னதும் மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கபாலீஸ்வரர் கோயில் மணி ஞாபகத்துக்கு வரும். நமக்கோ பேசிக் எலக்ட்ரிகல் பேப்பர்தான் ஞாபகத்துக்கு வரும்! வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் என்று இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம். அந்த ஓம் ஒரு மனிதரின் பெயர். அவருக்கும் ஓர் அப்பா இருந்தார், வீட்டில் கஷ்டம் இருந்தது, வேலைக்காக ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் அவருக்கு மரியாதையான ஒரு நாற்காலி கொடுத்தது நம்மைப் போன்ற ஒரு பாலிடெக்னிக்! இதெல்லாம் நம் பாடப் புத்தகத்தில் கிடையாது. அதனால்தான் ஜார்ஜ் சைமன் ஓம் அவர்களின் வாழ்க்கையை நம் ஆண்டு மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கார் ஷெட்டுக்குப் பயிற்சிக்குப் போன நம் பசங்க எல்லோருக்கும் தெரிந்த ஒரு கம்ப்ளெயிண்ட், ப்ளோயர் ஓடவில்லை என்பது. ஊட்டிப் பக்கம் இதை ஹீட்டர் ப்ளோயர் என்பார்கள். நம்ம சென்னையில் ஹீட்டர் யாருக்கு வேண்டும் என்று சிரிக்காதீர்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் அதே மோட்டாரும் அதே விசிறியும்தான் மலையில் சூடான காற்றையும், தி. நகர் உஸ்மான் ரோடு டிராபிக்கில் ஏ.சி.யின் குளிர்ந்த காற்றையும் முகத்தில் அடிக்கின்றன. அது நின்றுபோனால் மே மாதத்தில் வண்டிக்குள் இட்லி வேகும்! அந்தக் கோளாறைச் சரியாகக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன், ஓம் என்ற மனிதரின் மனசைப் படித்தவன் என்பது என் கட்சி. படித்துப் பாருங்கள், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

பட்டறையில் படித்த அப்பா

1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி, இன்றைய ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கும் எர்லாங்கன் என்ற ஊரில் ஓம் பிறந்தார். அப்பா யோகான் வோல்ஃப்காங் ஓம் பூட்டுத் தொழிலாளி. அம்மா ஒரு தையற்காரரின் மகள். ஏழு குழந்தைகள் பிறந்து மூன்று பேர்தான் தங்கினார்கள். ஓமுக்குப் பத்து வயது நடக்கும்போது அம்மாவும் இறந்துவிட்டார்.

அந்த அப்பாவை நினைத்தால்தான் எனக்கு ஆச்சரியம். முறையான படிப்பு இல்லாதவர். பகலெல்லாம் இரும்பு அறுத்து, அரம் தேய்த்து, சாவி வெட்டியவர். ஆனாலும் தானாகவே புத்தகம் வாங்கிக் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் படித்தார். படித்ததோடு நிற்காமல் ஜார்ஜ், மார்ட்டின் என்ற இரண்டு பையன்களையும் உட்கார வைத்துத் தானே சொல்லிக் கொடுத்தார். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் என்பவர் அந்தப் பையன்களைச் சோதித்துப் பார்த்து, கணித உலகில் பேர் பெற்ற பெர்னூலி குடும்பத்தோடு அவர்களை ஒப்பிட்டார். மார்ட்டினும் பிற்பாடு கணிதப் பேராசிரியராகவே ஆனார்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மந்தைவெளியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். அவருக்கு ஓம் தெரியாது, ஆம்பியர் தெரியாது. ஆனால் பெட்டியில் கரி எவ்வளவு போட்டால் பட்டுப்புடவை தாங்கும், எவ்வளவு போட்டால் கருகும் என்பது கை வைத்துப் பார்க்காமலே தெரியும். படிக்காதவர்களுக்கு அறிவில்லை என்று யாராவது சொன்னால் இனிமேல் நான் அந்தப் பூட்டுத் தொழிலாளியைக் கைகாட்டுவேன்.

வழுக்கி விழுந்து எழுந்த வாலிபன்

1805-ல் ஓம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தவர் என்ன செய்தார் தெரியுமா? நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு! புத்தகத்தைவிட இவற்றில்தான் நேரம் போனது. நம்மில் சில பேர் கிளாஸ் கட் அடித்துவிட்டுப் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். தனக்குக் கிடைக்காத வாய்ப்பைப் பையன் பாழாக்குகிறானே என்று அப்பாவுக்குக் கோபம் வந்தது. படிப்பைப் பாதியில் நிறுத்தி 1806-ல் ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அப்போது வயது பதினேழு. அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை.

அங்கேதான் பையன் திருந்தினான். பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் காட்டிய வழியில் பெரிய கணித மேதைகளின் நூல்களைத் தனியாகவே படித்தார். 1811-ல் எர்லாங்கன் திரும்பி அதே ஆண்டு டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் வந்தது, பணம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் கிடைத்த சம்பளம் வயிற்றுக்குப் போதவில்லை. 1813-ல் பாம்பெர்க் ஊரில் ஒரு சாதாரணப் பள்ளிக்குப் போனார். அந்தப் பள்ளியும் மூடப்பட்டது. ஜியோமெட்ரி பற்றி ஒரு புத்தகம் எழுதிப் பிரஷ்ய மன்னருக்கு அனுப்பி வைத்தார். அதன் பலனாக 1817-ல் கொலோன் நகரத்துப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் சொல்லித் தரும் வேலை கிடைத்தது. அந்தப் பள்ளியில் நல்ல லேப் இருந்தது. நம் கதையின் முக்கியமான இடம் அந்த லேப்தான்.

முதலில் வந்த விடை தப்பு!

அந்தக் காலத்தை மனசில் வையுங்கள். 1800-ல்தான் வோல்டா முதல் பேட்டரியைச் செய்தார். 1820-ல்தான் மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்பும் என்று டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் காட்டினார். வோல்ட் மீட்டர் கிடையாது, ஆம்பியர் மீட்டர் கிடையாது. வோல்ட், ஆம்பியர் என்ற அளவுகளே கிடையாது! கம்பி நீளமானால் மின்சாரம் குறைகிறது என்று தெரியும். எந்தக் கணக்குப்படி குறைகிறது? அதைத்தான் ஓம் தேடினார்.

1825-ல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையின் சூத்திரம் சரியாக அமையவில்லை. காரணம் என்ன? அவர் பயன்படுத்திய பேட்டரி ஒரே நிலையில் நிற்கவில்லை. இணைத்த உடனே ஒரு பலம், கொஞ்ச நேரத்தில் வேறு பலம். அளக்கிற கோலே நீண்டு சுருங்கினால் துணியை எப்படி அளப்பது? அப்போது பத்திரிகை ஆசிரியரான போகெண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார். பேட்டரியை விட்டுவிட்டு, சீபெக் கண்டுபிடித்த தெர்மோகப்புளை வைத்துச் செய்து பாருங்கள் என்றார். இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து, ஒரு முனையைச் சூட்டிலும் மறுமுனையைக் குளிரிலும் வைத்தால் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். அது கொஞ்சம்தான், ஆனால் நிலையானது.

நம் ப்ளோயர் வேலைக்கு இதிலேயே முதல் பாடம் இருக்கிறது. வண்டி வந்ததும் டேஷ்போர்டைக் கழற்றக் கூடாது. முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் உபயத்தில் 14 வோல்ட் அளவுக்கு ஏறும். இது சரியில்லாமல் மற்றதை எல்லாம் அளப்பது, 1825-ல் ஓம் பட்ட பாட்டை நாமும் ஒருமுறை படுவதுதான்.

எட்டுக் கம்பிகள்

1826 ஜனவரி. ஓம் பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த தெர்மோகப்புள் ஒன்றை அமைத்தார். ஒரு முனை கொதிக்கிற தண்ணீரில், மறுமுனை பனிக்கட்டியில். தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் பனி உருகும் வெப்பமும் மாறாது அல்லவா? ஆகவே மின்சாரத்தைத் தள்ளும் பலமும் மாறாது. மெல்லிய உலோகப் பட்டையில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டார். மின்சாரம் ஓடினால் ஊசி திரும்பும். பட்டையை எதிர்ப்பக்கம் முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டு வருவார். எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்பதே அவருடைய ஆம்பியர் மீட்டர். பட்டறை வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த மாதிரி நுணுக்கமான கைவேலை அந்நியமா என்ன!

ஒரே தடிமன் கொண்ட எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்தார். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்தார், அளந்தார், எழுதினார். திரும்பத் திரும்ப அளந்தார்.

இப்போது கவனியுங்கள் நண்பர்களே. 2 அங்குலக் கம்பியை எடுத்துவிட்டு 4 அங்குலக் கம்பியைப் போட்டால் மின்சாரம் பாதியாக வேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? ஆகவில்லை! சுமார் 8 சதவீதம்தான் குறைந்தது. 66-ஐ 130 ஆக்கியபோதோ 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இது என்ன குழப்பம்?

குழப்பமே இல்லை. கம்பிக்கு மட்டும் தடை இல்லை, தெர்மோகப்புளுக்கும் மற்ற இணைப்புகளுக்கும் சேர்த்து ஒரு தடை இருக்கிறது. அந்த மறைந்திருக்கும் தடை, ஏறக்குறைய 20 அங்குலக் கம்பிக்குச் சமம் என்று கணக்கில் வந்தது. 20-ஓடு 2 சேர்ந்தால் 22, 4 சேர்ந்தால் 24. அதனால்தான் சின்ன வித்தியாசம். ஓம் எழுதிய சூத்திரத்திலும் இது தனி எழுத்தாகவே நிற்கிறது. தள்ளும் பலத்தை, மறைந்திருக்கும் தடையும் கம்பியின் நீளமும் சேர்ந்த மொத்தத்தால் வகு. அதுவே ஓடும் மின்சாரம்.

நாம் பரீட்சையில் எழுதும் ஓம் விதியில் இந்த மறைந்திருக்கும் தடையைக் காணோம். ஷெட்டில் நம்மைக் கவிழ்ப்பது அதுதான்!

டேஷ்போர்டுக்குள் ஓம்

நான் பயிற்சிக்குப் போன ஷெட் அடையாறு பக்கம். ஒருநாள் கால்டாக்சி அண்ணன் ஒருவர் வந்தார். ப்ளோயர் காற்று மந்தமாக வருகிறது, சவாரிக்காரர்கள் ஏ.சி. இல்லை என்று சண்டை போடுகிறார்கள் என்றார். ஏற்கெனவே வேறு இடங்களில் ஒரு ரெசிஸ்டரும் ஒரு புது மோட்டாரும் மாற்றியாகிவிட்டது. இரண்டு நாள் ஓட்டமும் போயிற்று, காசும் போயிற்று, காற்று மட்டும் வரவில்லை. எங்கள் ஷெட் எலக்ட்ரீஷியன் அண்ணன் எட்டாவதோடு நின்றவர். அவர் எந்த பார்ட்டையும் கழற்றவில்லை. ப்ளோயரைப் புல் ஸ்பீடில் போடச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் ஒயரிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வைக்கச் சொன்னார். வைத்தேன். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இரண்டும் எர்த் என்றால் நடுவில் வோல்ட் எதற்கு இருக்க வேண்டும்? இடது பக்கம் பாடியில் எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பும் துருவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினோம். புயல் மாதிரி காற்று! அந்த டிரைவர் அண்ணன் முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

இதை ஓம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். மோட்டாரை வெறும் தடையாக வைத்து ஒரு தோராயக் கணக்கு. 12 வோல்ட், 0.8 ஓம் என்றால் 15 ஆம்பியர் ஓட வேண்டும். துருப்பிடித்த எர்த்தில் வெறும் 0.2 ஓம் சேர்ந்தது என்று வைப்போம். மொத்தம் 1 ஓம். ஓடுவது 12 ஆம்பியர். அந்தத் துருவிலேயே 2.4 வோல்ட் செத்துப்போகிறது, மோட்டாருக்குக் கிடைப்பது 9.6 வோல்ட்தான். இன்னொன்றும் இருக்கிறது. 2.4 வோல்ட்டை 12 ஆம்பியரால் பெருக்கினால் 28.8 வாட். நம் லேப் சால்டரிங் அயர்ன் 25 வாட்! அதைவிடச் சூடான ஒரு அயர்னை கார்ப்பெட்டுக்குப் பக்கத்தில் போட்டு வைத்த மாதிரி. கப்ளர்கள் உருகிக் கருகுவது இப்படித்தான். தடையில் மின்சாரம் ஓடினால் எவ்வளவு சூடு பிறக்கும் என்ற கணக்கை ஓமுக்குப் பிறகு 1841-ல் ஜூல் கொடுத்தார்.

அந்த 0.2 ஓமை மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்கலாம். முடியாது நண்பா! சாதாரண மீட்டரின் ஒயர்களுக்கே ஏறக்குறைய அவ்வளவு தடை இருக்கும். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயர்கூட பீப் சத்தம் கொடுத்து நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். லோடு கொடுத்து ஓட விட்டு அளந்தால்தான் வேஷம் கலையும். ஓமும் மின்சாரத்தை ஓட விட்டுத்தான் அளந்தார்.

நம் ஊரில் இந்த மறைந்த தடைக்குப் பஞ்சமே இல்லை. சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் பக்கம் நிற்கும் வண்டிகளுக்குக் கடல் காற்றின் உப்பு. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை மூழ்கியபோது எத்தனை கார்கள் தண்ணீரில் கிடந்தன! 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிடும். இணைப்புகளுக்குள் போன ஈரம் மாதக்கணக்கில் துருவாக வேலை செய்யும். ப்ளோயரும் அதன் ஒயரிங்கும் பெரும்பாலும் இடது பக்கக் கால் வைக்கும் இடத்துக்கு மேலேயே இருப்பதால் அடி முதலில் அங்கேதான்.

கோளாறு சொல்லும் சேதி

ஷெட்டில் கற்றதையும் கிளாஸில் கற்றதையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைவாவுக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும்.

முதலில் வண்டிக்காரரிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். எல்லா ஸ்பீடும் போச்சா, சில ஸ்பீடு மட்டும் போச்சா? கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது என்றால் ரெசிஸ்டரில் சந்தேகம். ஏனென்றால் குறைந்த ஸ்பீடுகளுக்கு மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது, கடைசி ஸ்பீடுக்கு அதைத் தாண்டி நேராகப் போகிறது. எந்த ஸ்பீடும் இல்லை என்றால் ப்யூஸ், ரிலே, ஸ்விட்ச், எர்த், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தட்டினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

ரெசிஸ்டர் ஏன் போகிறது என்பதையும் ஓம் சொல்லிவிடுவார். அதே தோராயக் கணக்கில், மோட்டாருக்கு முன்னால் 1.6 ஓம் ரெசிஸ்டர் வந்தால் மொத்தம் 2.4 ஓம், ஓடுவது 5 ஆம்பியர். ரெசிஸ்டரில் 8 வோல்ட், அதாவது 40 வாட் சூடு. அதைக் குளிர வைக்கத்தான் ரெசிஸ்டரை ப்ளோயர் காற்றுப் பாதையிலேயே வைத்திருக்கிறார்கள். பில்டர் அடைத்துக் காற்று குறைந்தாலோ, பேரிங் இறுகி மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்தாலோ ரெசிஸ்டர் கருகும். காரணத்தை விட்டுவிட்டு ரெசிஸ்டரை மட்டும் ஜி.பி. ரோட்டில் வாங்கி மாற்றினால், அடுத்த மாதம் அதே வண்டி அதே இடத்தில் வந்து நிற்கும். ஆட்டோமேட்டிக் ஏ.சி. உள்ள கார்களில் பெரும்பாலும் ரெசிஸ்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, மோட்டார் கப்ளரில் ப்ளோயரைப் போட்டபடி அளக்க வேண்டும். இரண்டு பின்னுக்கும் நடுவில் முழு வோல்ட் இருந்தும் சுற்றவில்லை என்றால் குற்றவாளி மோட்டார். பிளஸ் பின்னிலும் 12, மைனஸ் பின்னிலும் 12 என்று பாடியை வைத்துக் காட்டினால் எர்த் பக்கம் அறுந்திருக்கிறது. சில கார்களில் ரெசிஸ்டரும் ஸ்விட்சும் எர்த் பக்கமே இருக்கும், ஆகையால் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. ப்யூஸ் போயிருந்தால் பெரிய ப்யூஸ் போடுவதோ கம்பி சுற்றுவதோ வேண்டவே வேண்டாம். ப்யூஸ் தன் உயிரைக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது, அதைக் கேலி செய்தால் ஒயரிங்கே எரியும். மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் கையை எடுங்கள். அது ஏர்பேக் சமாச்சாரம், டெஸ்ட் லேம்ப் வைக்கும் இடமல்ல.

ஊர் ஒப்பாத உண்மை

மீண்டும் ஓமிடம் வருவோம். 1826-ல் பாதிச் சம்பளத்தில் லீவு எடுத்துக்கொண்டு, தம்பி மார்ட்டின் இருந்த பெர்லினுக்குப் போனார். 1827-ல் தன் ஆராய்ச்சியை முழுப் புத்தகமாக வெளியிட்டார். இனிமேல் ஏதாவது பல்கலைக்கழகம் கூப்பிடும் என்று காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை! அன்றைய ஜெர்மனியில் பல அறிஞர்களுக்கு, இயற்கையைத் தத்துவத்தால் விளக்கினால் போதும், கணக்குப் போட்டு அளக்க வேண்டியதில்லை என்ற எண்ணம். போல் என்ற இயற்பியல்காரர் கடுமையாகத் தாக்கி விமர்சனம் எழுதினார். 1828-ல் ஓம் கொலோன் வேலையையும் ராஜினாமா செய்தார். அதன்பின் பெர்லினில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார். உலகமே பின்னால் கும்பிடப் போகிற விதியைக் கண்டவர், நாற்பது வயதை நெருங்கும்போது நிலையான வேலை இல்லாமல் இருந்தார் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

இங்கே ஒரு சேதி. இதே உறவை 1781-லேயே இங்கிலாந்தின் கேவண்டிஷ் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தார். கோடீஸ்வரர், யாருக்கும் சொல்லவில்லை. 1879-ல் மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளை அச்சிட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது. ஓமோ அடி விழும் என்றாலும் சபையில் சொன்னார். அதனால்தான் விதிக்கு அவர் பெயர்.

அவரும் பாலிடெக்னிக்காரர்தான்!

1833-ல் நியூரம்பெர்க் நகரத்துப் பாலிடெக்னிக் அவரைப் பேராசிரியராக எடுத்துக்கொண்டது. 1839-ல் அதற்கே இயக்குநர் ஆனார். பதினாறு வருஷம் அங்கே இருந்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்தியபோது, தொழில் கற்றுத்தரும் ஒரு பள்ளிதான் அவருக்குக் கதவைத் திறந்தது. டிப்ளமோதானே என்று நம்மைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள் நண்பர்களே! இன்றைக்கு நியூரம்பெர்க் தொழில்நுட்பக் கல்லூரி ஓமின் பெயரையே தாங்கி நிற்கிறது.

பிறகு காலமும் மாறியது. தந்திக் கம்பிகள் ஊர் ஊராகப் போகத் தொடங்கின. நீளமான கம்பியில் எவ்வளவு மின்சாரம் போய்ச் சேரும் என்று தெரிந்தே ஆக வேண்டிய நிலை. ஓமின் கணக்கை விட்டால் வேறு வழியில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி, முன்பு வோல்டாவுக்கும் ஃபாரடேவுக்கும் கொடுத்த காப்ளி பதக்கத்தை ஓமுக்குக் கொடுத்தது. 1843-ல் இங்கிலாந்தின் வீட்ஸ்டன் அவருடைய கணக்கை எல்லோரும் அறிய எடுத்துச் சொன்னார்.

அதே 1843-ல் ஓம் ஒலியைப் பற்றியும் ஒரு கருத்து வெளியிட்டார். கலவையான ஒரு சத்தத்தை நம் காது தனித்தனிச் சத்தங்களாகப் பிரித்துக் கேட்கிறது என்பது அதன் சாரம். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் ப்ளோயர் சத்தத்தை வைத்தே, கீச்சென்றால் பேரிங், படபடவென்றால் விசிறியில் சருகு என்று பிரிப்பார். காதையும் மீட்டரையும் ஒருசேர நம்பிய இன்னொருவர் இருந்திருக்கிறார் என்று அவரிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

1849-ல் ஓம் மியூனிக் போனார். 1852-ல், சிறுவயதுக் கனவான பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பதவி அங்கே கிடைத்தது. அப்போது வயது 63! இரண்டே ஆண்டு. 1854 ஜூலை 6-ஆம் தேதி கண் மூடினார். 1881-ல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு, மின்தடையின் அளவுக்கு ஓம் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. இன்றைக்குப் புதுப்பேட்டையில் விற்கும் மலிவு மீட்டரிலும் குதிரை லாடம் போன்ற ஒமேகா எழுத்தாக அவர் உட்கார்ந்திருக்கிறார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஓம் புதிதாக ஒரு பொருளைச் செய்யவில்லை, யந்திரம் விற்கவில்லை. ஊகத்தைத் தள்ளி வைத்துவிட்டு அளந்தார். சரியாக வராதபோது எது நிலையாக இல்லை என்று தேடிச் சரிசெய்து மீண்டும் அளந்தார். கண்ணுக்குத் தெரியாத தடைக்கும் கணக்கில் ஓர் இடம் கொடுத்தார்.

நாளைக்கு நாம் ஷெட்டிலோ கம்பெனியிலோ நிற்கும்போது, ஒரு டாக்சி டிரைவரின் இரண்டு நாள் சம்பாத்தியம் நம் கையில் இருக்கும். ஊகித்து பார்ட் மாற்றினால் செலவு அவருடையது. அளந்து சொன்னால் அந்தக் காசு அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். அந்த நேர்மைதான் டிப்ளமோ சான்றிதழுக்கு மேல் நாம் சம்பாதிக்க வேண்டிய பட்டம்.

நம்மில் பல பேர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நம் அப்பா அம்மாக்களின் உழைப்பு நம் மார்க் ஷீட்டில் எங்கும் எழுதப்படுவதில்லை. ஆனாலும் மொத்தக் கணக்கில் அது இருக்கிறது. பூட்டுப் பட்டறையில் ஒரு அப்பா தானே கற்றுத் தன் மகனுக்குக் கற்றுக் கொடுத்ததை உலகம் இன்றும் தினம் தினம் பயன்படுத்துகிறது.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ப்ளோயர் ஓடாத வண்டி வந்தால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மீட்டரை எடுங்கள். அதுவே அந்தப் பெரியவருக்கு நாம் செய்யும் மரியாதை.

வளர்க நம் தொழில்! வாழ்க நம் மாணவர் ஒற்றுமை!